மலைக்கிடாவும் மஞ்சள் தோட்டாவும்

பாறை ஜில்லென்று இருந்தது. அதன் மேல் குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, பைனாகுலரைக் கண்ணில் வைத்திருந்தேன். எனக்கு வலப்புறம் என் வீட்டுக்காரர், துப்பாக்கியோடு. அவருக்கு அந்தப் பக்கம் டேல், அவரோடு ஆபீசில் வேலை செய்கிறவர். மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தோம்.

எதிர்ச் சரிவில் ஒரு மலைக்கிடா நின்றிருந்தது. மணல் நிறம். பின்பக்கமாக வளைந்த கனத்த கொம்புகள். தொண்டையில் தொடங்கிய மயிர் முன்னங்கால் முட்டிவரை தாடிபோலத் தொங்கியது. காற்றடிக்கும்போதெல்லாம் அந்தத் தாடி ஒரு பக்கமாகச் சாயும், மறுபடி நேராகும்.

அதற்கு முன்னால் ஒரு பெட்டை ஆடு மெதுவாக நடந்தது. பெட்டை நின்றால் கிடாவும் நின்றது. பெட்டை நடந்தால் கழுத்தை நீட்டிக்கொண்டு பின்னாலேயே போனது. எங்களை அது ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இப்போ அடி," என்று டேல் ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார்.

"வெயிட். ஹி ஹேஸ் டு ஸே யெஸ்," என்றார் இவர்.

டேல் தலையைத் திருப்பி இவரைப் பார்த்தார். "ஹூ ஹேஸ் டு ஸே வாட்?"

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையைப் படித்த ஒரு வாசகி, டெக்சஸில் கடையையும் கோயிலையும் தவிர வேறு எங்குமே போனதில்லையா என்று எழுதிக் கேட்டிருக்கிறார். ஒரே ஒரு முறை மலைக்குப் போனேன். அதைத்தான் சொல்கிறேன்.

வேண்டுதல்

எங்கள் மகள் சிந்து பிறந்தபோதே இருதயத்தில் ஒரு ஓட்டை இருந்தது. நடை பழகும் வயதில் ஹூஸ்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். உள்ளே கொண்டுபோன பிறகு, நாங்கள் இருவரும் ஒரு நீல நிற சோபாவில் உட்கார்ந்திருந்தோம். டீவியில் யாரோ கேக் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் இன்ஜினியர். சாமி கும்பிடுவார், ஆனால் வேண்டுதல், பரிகாரம் என்று அலைகிறவர் இல்லை. அன்றைக்கு டீவியைப் பார்த்தபடியே, "சரசு, கருப்பராயனுக்கு ஒரு கெடா நேந்துக்கிட்டேன்," என்றார். 

கருப்பராயன் எங்கள் குலதெய்வம். கோயில் தாராபுரத்துக்குப் பக்கத்தில். குதிரை, அரிவாள், வேட்டை நாய் எல்லாம் உண்டு.

சிந்து நன்றாகத் தேறி, ஓடி விளையாட ஆரம்பித்துவிட்டாள். எங்களால்தான் ஊருக்குப் போக முடியவில்லை. கிரீன் கார்டு இந்த மாதம் வரும், அடுத்த மாதம் வரும் என்று இழுத்துக்கொண்டே போனது. வெளியே போனால் திரும்பி உள்ளே விடமாட்டார்களோ என்று இவருக்குப் பயம்.

ஃபோனில் மாமியார் வேறு எதுவும் பேசமாட்டார். "சாமி, கெடாவ நேந்துட்டு இத்தன வருசமா நிறுத்தி வெக்கலாமாடா? புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அப்புறம் ஒரு நாள் அவரே இறங்கிவந்தார். "வர முடியலீன்னா அங்கியே எங்கியாச்சும் குடுத்துரு. அவன் எங்கியும் இருப்பான்."

ஆடு சொல்ல வேண்டும்

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கோயிலில் கிடாவைக் கொண்டுவந்து நிறுத்தியதும் வெட்டிவிட மாட்டார்கள். மாலை போட்டு, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடா உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிச் சிலிர்க்க வேண்டும். இதைத் துளுக்குவது என்போம். துளுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது, ஆடும் சம்மதித்தது என்று அர்த்தம். துளுக்காத கிடாவின் மேல் கத்தி படக்கூடாது.

நான் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் ஒரு கிடா துளுக்கவே இல்லை. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். பங்காளிகளுக்குள் ஏதோ மனத்தாங்கல், அதனால்தான் என்றார் பூசாரி. பேசாமல் இருந்த இரண்டு பேர் கூட்டத்துக்கு நடுவில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பேசிக்கொண்டார்கள். அப்போதும் கிடா நனைந்த துணிபோல அப்படியே நின்றது. பொழுது சாய்ந்துவிட்டது. எல்லாருக்கும் பசி. கடைசியில் அவிழ்த்து விட்டுவிட்டார்கள்.

அந்தக் கிடா அப்புறம் வெகுகாலம் எல்லார் காட்டிலும் மேய்ந்தது. சோளத்தட்டை முழுதாகத் தின்றாலும் யாரும் அதை அடிக்கவில்லை.

அமெரிக்காவில் ஆடு வாங்குவது சிரமமில்லை. ஹூஸ்டனுக்கு வெளியே ஆட்டுப் பண்ணைகள் இருந்தன. நம்மவர்கள் போய், காசு கொடுத்து, வெட்டி வாங்கி வருவார்கள். இவரும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார். "காதுல பிளாஸ்டிக் டேக் போட்டு, மெஷின்ல ஏத்தி எடை பாக்கறாங்க. இத எப்பிடி சாமிக்குன்னு குடுக்கறது?" என்று விட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் டேல் கூப்பிட்டார்.

மஞ்சள் தோட்டா

டேலின் குடும்பத்துக்கு டெக்சஸின் மேற்குக் கோடியில் ஒரு பெரிய பண்ணை. பண்ணை என்றால் பயிர் இல்லை. மலை, கள்ளி, முள், காய்ந்த புல். அங்கே அவுடாட் என்று ஒரு மலை ஆடு. ஆப்பிரிக்காவில் இருந்து எப்போதோ கொண்டுவந்து விட்டது, தானாகவே பெருகிவிட்டது.

"இதும் நம்மளாட்டம் வெளியூருதான்," என்று இவர் சிரித்தார். "கிரீன் கார்டு கேக்காமயே செட்டில் ஆயிருச்சு பாரு."

மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் நேரத்தில் அவை இணை சேரும். வேட்டைக்கு அதுதான் தோதான காலம் என்றார் டேல். மற்ற நாட்களில் கிடா மனித வாடை அடித்தாலே மலையுச்சிக்குப் போய்விடும். இந்தச் சில வாரங்கள் மட்டும் அதற்குப் பெட்டையைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாதாம், காதில் விழாதாம்.

இவர் அதைக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் வேறு கணக்குச் சொன்னார். கருப்பராயனே வேட்டைக்காரன். வேட்டைக்காரச் சாமிக்குக் கட்டிவைத்த ஆட்டைவிடக் காட்டு ஆடுதானே உகந்தது? யார் வீட்டுக்கும் சொந்தமில்லாத, மலையில் வளர்ந்த முழுக்கிடா. சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. அப்படி ஒரு தெளிவை நான் பார்த்து வருடக்கணக்காகியிருந்தது.

சிந்துவை, ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் எங்கள் தெருவிலேயே இருந்த ரேவதி அக்கா வீட்டில் விட்டோம். அவரும் அவர் வீட்டுக்காரர் சண்முகம் அண்ணனும் ஈரோட்டுப் பக்கம். நேர்த்திக்கடனுக்குத் தம்பதியாகத்தான் போக வேண்டும் என்பதால் நானும் கிளம்பினேன். ஃப்ரீவேயில் ஒரு பகல் முழுக்கப் போனோம். மரங்கள் குட்டையாகி, புதராகி, பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று.

பண்ணை வீட்டில் மறுநாள் விடிந்ததும் இவர் ஒரு வேலை செய்தார். மலை ஆட்டின் முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்ற முடியாது. அதனால் ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் கரைத்து, தோட்டாக்களை அதில் நனைத்துத் துடைத்து வைத்தார். துப்பாக்கிக் கட்டையில் குங்குமப் பொட்டு.

காப்பியோடு வந்த டேல் அதைப் பார்த்தார்.

"இஸ் தட் மஸ்டர்ட்?" அந்த ஊரில் கடுகு என்றால் மஞ்சளாக ஒரு விழுது.

"டர்மரிக். ஃபார் காட்."

டேல் காப்பியை ஒரு மிடறு குடித்தார். "சரி. ஆனா என் துப்பாக்கிக்குள்ள ஒட்டாம பாத்துக்க," என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

சரிவில்

மலையில் முதலில் கேட்டது சத்தம்தான். கல்லோடு கல் மோதுகிற மாதிரி ஒரு டக். அப்புறம் நிசப்தம். மறுபடியும் டக். இரண்டு கிடாக்கள் முட்டிக்கொள்கின்றன என்றார் டேல்.

நாங்கள் ஊர்ந்து பாறைக்கு வந்தபோது சண்டை முடிந்திருந்தது. தோற்றது கீழே இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. ஜெயித்தது பெட்டையின் பின்னால் நின்றது. காற்று எங்கள் பக்கம் வீசியது. கிடாவின் மொச்சை வீச்சம் அவ்வளவு தூரத்தில் இருந்தும் மூக்கில் ஏறியது.

இவர் துப்பாக்கியில் கண்ணை வைத்தார். காத்திருந்தார்.

கிடா கழுத்தை நீட்டியது. மேலுதட்டைச் சுருட்டிக் காற்றை இழுத்தது. முன்னங்காலை மெதுவாகத் தூக்கி வைத்தது. எல்லாம் செய்தது. உடம்பை மட்டும் சிலிர்க்கவில்லை.

டேல் மறுபடியும், "இப்போ," என்றார்.

"ஒன் மினிட்."

எனக்கும் வேண்டுதலாகத்தான் இருந்தது. ஒரு ஈ வந்து உட்காரக்கூடாதா, ஒரு உலுக்கு உலுக்கக்கூடாதா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். இவர் நெற்றியில் இருந்து வேர்வை மூக்கு வழியாக இறங்கியது, அந்தக் குளிரிலும்.

பெட்டை திரும்பி ஓடைப் பள்ளத்தை நோக்கி நடந்தது. கிடாவும் திரும்பியது. இன்னும் நாலு எட்டு வைத்தால் பாறைக்குப் பின்னால் மறைந்துவிடும்.

"பள்ளத்துல இறங்கிட்டா அவ்வளவுதான்," என்றார் டேல்.

துப்பாக்கி வெடித்தது.

கிடா முன்னங்கால் மடங்கி, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, கொஞ்ச தூரம் சறுக்கி ஒரு கள்ளிப் புதரில் நின்றது. டேல் இவர் முதுகில் ஓங்கித் தட்டினார். நான் பைனாகுலரைக் கண்ணில் இருந்து எடுக்கவில்லை. பெட்டை ஓடியிருக்கும் என்று நினைத்தேன். ஓடத்தான் செய்தது. பிறகு நின்றது. திரும்பி வந்து, கிடாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து முகர்ந்தது. நாங்கள் எழுந்து நடக்கும்வரை அங்கேயே நின்றது.

எத்தனையோ வருடம் ஆகிறது. ஆட்டுக்கறி கழுவும்போது சில சமயம் அந்தக் குனிந்த தலை ஞாபகம் வந்துவிடுகிறது. அப்போது குழாயை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பேன்.

திரும்பும் வழி

இணை சேரும் காலத்துக் கிடாவின் கறி சரியாக இருக்காது, கொம்பை மட்டும் எடுத்துக்கொள் என்றார் டேல். இவர் ஒப்புக்கொள்ளவில்லை. நேர்ந்துகொண்ட கிடாவில் எதையும் வீணாக்கக் கூடாது. தோல் உரித்து, கறியை இரண்டு ஐஸ் பெட்டிகளில் அடைத்தோம். கொம்பு வேண்டாம் என்று டேலிடமே கொடுத்துவிட்டார்.

இவர் வண்டியை ஃப்ரீவேயில் ஏற்றினார்.

"கடேசீல திரும்பும்போது ஒரு ஆட்டு ஆட்டுச்சு, பாத்தீல்ல?" என்றார்.

"நான் பாக்கலீங்க."

"நீ பைனாகுலர் வெச்சிருந்தியே."

"வெச்சிருந்தனுங்க. பாக்கலீங்க."

"நீ பாக்கலீன்னா அது ஆட்டலைன்னு ஆயிருமா?"

 

பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில், ஃபோன் கார்டை எடுத்துக்கொண்டு பூத்துக்குப் போனார். கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தேன். சத்தமாகத்தான் பேசினார். "குடுத்தாச்சும்மா. ஆமா, மலை மேல. துளுக்குச்சும்மா. நல்லாவே துளுக்குச்சு." அந்தப் பக்கம் மாமியார் அழுதார் என்று வெளியே வந்து சொன்னார். சந்தோஷ அழுகை.

விருந்து

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் கிடா விருந்து. பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றைக் கூப்பிட்டிருந்தோம். கராஜில் கேஸ் அடுப்பு போட்டு, பெரிய அண்டா வைத்தேன். கறியைத் தயிரில் ஊறப்போட்டுப் பார்த்தேன், இஞ்சியை அள்ளிப் போட்டேன், கொத்தமல்லி வறுத்து அரைத்துக் கொட்டினேன். மூடியைத் திறந்தால் வீச்சம் முதலில் வந்து நின்றது. மசாலா அதற்குப் பின்னால்தான் வந்தது.

சண்முகம் அண்ணன் கராஜுக்குள் வந்து, மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "ஏம் மாப்ள, ஆட்டச் சுட்டயா, இல்ல அது உன்னையப் பாத்து சென்ட் அடிச்சுதா?"

எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார்.

குலதெய்வத்தின் படம் எங்களிடம் இல்லை. ஒரு செங்கல்லுக்குக் குங்குமம் வைத்து, ஃப்ரோசன் வாழையிலையைக் கழுவிப் போட்டுப் படைத்தோம். யாருக்காக நேர்ந்ததோ அந்தப் பிள்ளை முதல் வாய் சாப்பிட வேண்டும். சிந்துவைக் கூப்பிட்டு இலைக்கு முன்னால் உட்காரவைத்தேன். இரண்டாம் கிளாசோ மூன்றாம் கிளாசோ படித்துக்கொண்டிருந்தாள். தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான்.

"சாப்பிடு கண்ணு," என்றார் ரேவதி அக்கா. "உனக்கு நேந்த கெடா."

"வாட் டு யூ மீன், ஃபார் மீ?"

இவர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். ஆஸ்பத்திரி, நீல சோபா, வேண்டுதல். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சொல்லிக்கொண்டே போன வேகத்தில், நம் வழக்கம் எவ்வளவு உயர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னார். "நம்ம ஆளுங்க சும்மா வெட்ட மாட்டாங்க அம்மிணி. ஆடு சரின்னு சொல்லணும். தண்ணி ஊத்துனா உடம்ப ஆட்டும். அதுதான் யெஸ்."

சிந்து கறித்துண்டைப் பார்த்தாள். "ஸோ டிட் ஹி ஸே யெஸ்?"

வேறு ஒன்றுமில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டாள்.

இவர் வாயைத் திறந்தார். துளுக்குச்சு என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அம்மாவிடம் சொன்னதுதானே. கூடியிருந்தவர்களிடமும் வாசலிலேயே சொல்லியிருந்தார்.

"இல்ல அம்மிணி. சொல்லல."

"தென் ஒய், அப்பா?"

 இவர் அவள் முன்னால் இருந்த இலையை இரண்டு கையாலும் மடித்து எடுத்தார். எழுந்து நின்று, "மன்னிச்சுக்குங்க. இது கெடா விருந்து இல்லீங்க. இதைச் சாப்பிட வேண்டாம்," என்றார்.

 சண்முகம் அண்ணன் அவர் தோளில் கை வைத்தார். "விடு மாப்ள. கருப்பராயனுக்கு இன்னும் விசா வரலையாட்ட இருக்குது. சரசு, ரசம் இருக்குதா?"

ரசம் இருந்தது. தயிரும் இருந்தது. எல்லாரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். போகும்போது ரேவதி அக்கா என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார்.

ஃபோன்

அவர்கள் போனதும் இவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். சுகர் லேண்ட் மண் காய்ந்தால் கல். வேலியோரம் வேர்த்து விறுவிறுக்கக் குழி தோண்டி, அண்டாவில் இருந்ததையும் ஐஸ் பெட்டியில் இருந்ததையும் புதைத்தார். சிந்து ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை கழுவிவிட்டு வந்து, "அம்மாகிட்ட சொல்லிறணும்," என்றார்.

"இப்பவேங்களா?" என்றேன். வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

மாமியார் அதற்கடுத்த பங்குனியில் காலமானார். கிரீன் கார்டு அப்போதும் வந்திருக்கவில்லை. காரியத்துக்கு இவரால் போக முடியவில்லை. தம்பி கொள்ளி வைத்ததை ஃபோனில்தான் கேட்டார். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பேசியதை நினைக்காமல் எங்களால் அவரை நினைக்க முடிவதில்லை.

ஊரில் அப்போது விடிந்திருந்தது. நான் சமையலறை ஃபோனை எடுத்துக் காதில் வைத்தேன். இவர் படுக்கையறையில் இருந்து பேசினார். துளுக்கவில்லை, நான்தான் அவசரப்பட்டுச் சுட்டுவிட்டேன், உன்னிடம் சொன்னது பொய் என்று ஒரே மூச்சில் சொன்னார். சாமிக்கு இன்னும் கொடுக்கவில்லை, ஊருக்கு வந்து கொடுத்துவிடுகிறேன் என்றார்.

அந்தப் பக்கம் எங்கோ பஸ் ஹாரன் அடித்தது.

"அம்மா?"

"இருக்கறன் சாமி."

"திட்டறதுன்னா திட்டிரும்மா."

"எதுக்குத் திட்டறது. நெசத்தத்தான சொல்ற." மாமியார் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா ஏஞ் சாமி, என்ர கிட்ட எதுக்குச் சொன்ன? நீ குடுத்துட்டன்னு சொன்ன அன்னிக்குத்தான் நான் கண்ண மூடி நல்லாத் தூங்குனேன்."

இவர் ஃபோனை வைக்கவில்லை. மாமியாரும் வைக்கவில்லை. மூன்று பேரும் அப்படியே இருந்தோம், கார்டில் காசு தீர்ந்து லைன் தானாக அறுபடும்வரை.